வராண்டாவில் உட்காரும் பிள்ளைகள்

பாலாற்றங்கரையில் உள்ள தோல் தொழில் ஊர் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கே நெடுங்காலமாகப் பள்ளி நடத்திவரும் முஸ்லிம் அறக்கட்டளை ஒன்று, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இஸ்லாமிய நம்பிக்கையையும் விழுமியங்களையும் வேராகக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. வரைவு தயார். காலனிகளில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் நீங்களும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். போனோம். நான்கு கூட்டங்களில் உட்கார்ந்தோம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, வேலை இன்னும் முடியவில்லை.

முதலில் நம் தோழர்களுக்கு ஒரு பதில். நாங்கள் போனது தெரிந்ததும் வாட்சப் குழுவில் வந்த முதல் கேள்வி, "அம்பேத்கரியர்களுக்கு மதப் பாடத்திட்டத்தில் என்ன வேலை?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட தோழரும் காலனியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வகுப்பு எப்படித் தொடங்கும்? பாபாசாகேப் படத்துக்கு முன் பிள்ளைகள் நின்று உறுதிமொழி சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் கணக்கு, ஆங்கிலம். விழுமியத்தை வைத்துக் கல்வி தொடங்குவது நமக்குப் புதிதல்ல. 1894இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அயோத்திதாசர் அவரோடு சேர்ந்து பௌத்தத்தை நோக்கி நடந்தார். படிப்பும் பண்பாட்டு விடுதலையும் ஒரே கதவு வழியாக வந்த வரலாறு நம்முடையது. அரசுப் பாடத்திட்டம் எந்தச் சார்பும் இல்லாதது என்று நினைப்பவர்கள், அதில் வரும் குடும்பப் படங்களையும் வீட்டுப் படங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைப் பறிக்கத் துடிப்பவர்கள் யார் என்பதும், அவர்கள் நமக்கு யார் என்பதும் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில் அடைந்து கிடக்கிறார்கள் என்ற பொய்யை 2006இல் சச்சார் குழு அறிக்கையே உடைத்தது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவுக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய 4 விழுக்காடுதான் என்றது. மீதிப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் படிக்கும் அதே பள்ளிகளில்தான் இருக்கிறார்கள், அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லை. காலையில் பள்ளிவாசலுக்குப் போய் ஓதிவிட்டு, அவசரமாக இட்லியை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடும் பிள்ளையின் இரண்டு உலகங்களை ஒன்றாக்கலாமே என்று ஒரு சமுதாயம் நினைத்தால் அதில் தவறு என்ன?

எனவே எங்கள் கேள்வி 'இஸ்லாமியப் பாடத்திட்டம் வேண்டுமா' என்பதல்ல. எந்த இஸ்லாம், யாருடைய பிள்ளைகளுக்கு என்பதுதான்.

வரைவைப் படித்தபோது முதலில் மகிழ்ச்சியாகவே இருந்தது. முன்பு அங்கே மார்க்கக் கல்வி என்றால் சூராக்களை மனப்பாடம் செய்வது, அவ்வளவுதான். கடைசி ஜுஸ்வின் சிறிய சூராக்கள், ஒளு செய்யும் முறை, சில துஆக்கள். பொருள் யாருக்கும் தெரியாது, கேட்டால் ஹஜ்ரத்துக்குக் கோபம் வரும். புதிய வரைவு அதை மாற்றியிருந்தது. மார்க்கத்தைத் தனிப் பாடமாக ஒட்டவைக்காமல் எல்லாப் பாடங்களிலும் இழையவிட முயன்றிருந்தார்கள். சூழ்நிலையியலில் நீரைப் பற்றிப் பேசும்போது, ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நபிமொழி. கணக்கில் பின்னம் வரும்போது ஸகாத், நாற்பதில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்பில் இரண்டரை விழுக்காடு என்று அதே கணக்கு மறுபடி வருகிறது. இது நல்ல ஆசிரியர் ஒருவரின் கைவேலை என்பது தெரிந்தது. பிறகு விசாரித்தபோது, ஆலிமா படிப்பும் கணிதப் பட்டமும் பெற்ற ஓர் இளம்பெண் எழுதியது என்றார்கள். கூட்டத்தில் அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணக்குப் பாடத்தைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஹாஜியார் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால அட்டவணையில் ஆறாவது பாடவேளை 'இஸ்லாமியக் கல்வி'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு நீதிபோதனை என்று இருந்தது. யார் எடுப்பார்கள் என்று கேட்டோம். ஓய்வாக இருக்கும் ஆசிரியர் எடுப்பார் என்றார்கள். இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கேட்டோம். பதில் வரவில்லை. மறுநாள் ஆறாவது பாடவேளையில் போய்ப் பார்த்தோம். நான்காம் வகுப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வெளியே வந்து வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கையெழுத்து நோட்டை எடுத்தார்கள். யாரும் சொல்லாமலேயே செய்தார்கள், பழகிவிட்டது. ஒன்பது பேரும் தோல் மண்டியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒன்பது பேரும் காலனி.

யாரும் திட்டமிட்டு அவமதிக்கவில்லை, இதை நாங்கள் நம்புகிறோம். சட்டப்படி பார்த்தால் பள்ளி சரியாகவே நடந்துகொள்கிறது. 28ஆவது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. ஆக வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே, சன்னலோரம், திண்ணையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் வரலாறு நமக்குத் தெரியும். பாபாசாகேப் வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோய் அதில் உட்கார்ந்து படித்தார் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். காரணம் வேறாக இருக்கலாம், உட்காரும் இடம் ஒன்றுதான். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டப் பிரிவு தெரியாது. எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள், நாங்கள் வெளியே இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

நாங்கள் சொன்ன மாற்று எளிமையானது. ஆறாவது பாடவேளையை இரண்டாகப் பிரியுங்கள். ஓதுதல், தொழுகை, அகீதா ஆகிய வழிபாட்டுப் பகுதியை முதல் மணி அடிப்பதற்கு முன் வையுங்கள், விரும்புகிறவர்கள் வரட்டும். நேர்மை, உழைப்பு, சமத்துவம், அண்டை வீட்டார் உரிமை போன்ற விழுமியப் பகுதியை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும்படி அமையுங்கள். அதில் நபி கதையும் வரட்டும், புத்தர் கதையும் வரட்டும், பாபாசாகேப் கதையும் வரட்டும். இதற்கு ஒரு பெரியவர் எதிர்ப்புச் சொன்னார். பிற மதக் கதை சொன்னால் நம் அடித்தளம் கரைந்துபோகும் என்றார். அந்த அச்சத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. சிறுபான்மையினரின் அச்சத்துக்கு இந்த நாட்டில் காரணங்கள் உண்டு. கடைசி நாற்காலியில் இருந்த ஆலிமாதான் அன்று முதல்முறையாகப் பேசினார். பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத்தொகை என்று விடுவிக்கப்பட்டதாக நபி வரலாற்று நூல்கள் சொல்வதை நினைவூட்டினார். "அந்தப் பிள்ளைங்களோட வாத்தியாருங்க முஸ்லிமே இல்லையே மாமா" என்றார். ஹாஜியார் அவருக்கு உண்மையிலேயே மாமா முறையாம். அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

சமத்துவப் பாடத்துக்கு வருவோம். வரைவில் பிலால் கதை இருந்தது. அபிசீனிய அடிமை, மார்பில் பாறையை ஏற்றியபோதும் நம்பிக்கையைக் கைவிடாதவர், பிறகு இஸ்லாத்தின் முதல் முஅத்தின். அழகாக எழுதியிருந்தார்கள். பிரச்சினை என்னவென்றால், கதை அரேபியாவில் தொடங்கி அரேபியாவிலேயே முடிந்துவிடுகிறது. படிக்கும் பிள்ளைக்கு, நிறவெறியும் அடிமைத்தனமும் எங்கோ எப்போதோ இருந்து நபி வந்ததும் ஒழிந்துபோன சங்கதி. தன் ஊரின் தெருவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 'சாதி' என்ற சொல் ஐந்து வகுப்புகளின் வரைவிலும் ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டால், "எங்கள் மார்க்கத்தில் சாதி இல்லையே, இல்லாததை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்றார்கள்.

மார்க்கத்தில் இல்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பெரியார் நம் மக்களை இஸ்லாத்தை நோக்கிக் கை காட்டியது அதனால்தான். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தின் பள்ளர் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவி ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஆனால் மார்க்கத்தில் இல்லாதது சமுதாயத்தில் இருக்கலாம். 1901 வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸல் என்ற அடுக்குகளை அம்பேத்கர் தன் பாகிஸ்தான் நூலில் எடுத்துக்காட்டி, சாதி இந்துக்களோடு நின்றுவிடவில்லை என்று எழுதினார். வங்காளம் வேண்டாம், இங்கே வருவோம். தமிழ்நாட்டில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது பட்டியலில் அன்சார், தக்கனி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று ஏழு பிரிவுகள் எழுதப்பட்டன. இவை சாதிகள் அல்ல என்று வாதாடலாம். அப்படியென்றால் 'நவ்-முஸ்லிம்' வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஏழில் எந்த வீட்டிலிருந்து நிக்காஹ் பேச வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள், அது பெரிய விஷயம், நம் ஊர்க் கோயில்கள் தராத விஷயம். பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பாடத்திட்டம் பேச வேண்டியது.

அதே ஊரில் அண்ணன் இந்துவாகவும் தம்பி முஸ்லிமாகவும் இருக்கும் ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். இருவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. அண்ணன் மகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழும் உதவித்தொகையும் உண்டு. தம்பி மகனுக்கு இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு முடிச்சுப்போட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இன்னும் அவிழவில்லை. முடிச்சை அவிழ்க்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை 2007இலிருந்து தூங்குகிறது. நாளை அந்தப் பையனை யாராவது சாதிப் பெயர் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்கு உதவாது. அரசின் பார்வையில் அவனுக்குச் சாதி இல்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை, ஊருக்கு மட்டும் அவன் சாதி நன்றாகத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்று சாதி என்று ஒன்று இல்லை என்று எந்த ஆசிரியர் சொல்வார்?

நாங்கள் இரண்டாம் வகுப்புக்கு ஒரு பாடம் எழுதிக்கொடுத்தோம். நபி தன் கிழிந்த செருப்பைத் தானே தைத்துக்கொண்டார் என்று ஆயிஷா சொன்ன செய்தி ஹதீஸ்களில் வருகிறது. அதுதான் பாடம். அந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தோலின் வாசனை தெரியும். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது ஏற்றுமதி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் கையில் போகாத கறை. செருப்புத் தைப்பதை இழிவு என்று இந்த மண் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவைத்திருக்கிறது. ஒரு மார்க்கத்தின் தூதர் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார் என்ற செய்தியை அதே மண்ணில் ஏழு வயதில் கேட்கும் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசித்துக் காட்டியபோது குழுவில் ஒருவர் கண் கலங்கினார். அவர் அப்பா தோல் மண்டியில் கூலியாக இருந்தவர் என்று தேநீர் இடைவேளையில் சொன்னார். அந்தப் பாடம் ஒரு எழுத்தும் மாறாமல் ஏற்கப்பட்டது.

தூய்மைப் பாடம் அப்படிப் போகவில்லை. தூய்மையை ஈமானில் பாதியாக வைக்கும் நபிமொழி ஒன்றாம் வகுப்பிலேயே வருகிறது. பல் துலக்கு, நகம் வெட்டு, இடத்தைச் சுத்தமாக வை. சரி, பள்ளியின் கழிப்பறையைச் சுத்தமாக வைப்பது யார்? அருந்ததியர் காலனியிலிருந்து ஓர் அம்மா தினமும் இரண்டு வேளை வருகிறார். கையுறை கிடையாது. அவரோடு பேசினோம். "புள்ளைங்க நல்ல புள்ளைங்க சார். சலாம்லாம் சொல்லும். ஆனா என் சொம்புல தண்ணி குடிக்காது" என்றார். அவருடைய பேத்தி அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. கட்டணம் கட்ட முடியாது.

கழிப்பறை சுத்தம் செய்வதை ஆசிரியர்களும் மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம், முதல் வாரம் தாளாளரின் முறையாக இருக்கட்டும் என்றோம். அந்த அம்மாவின் வேலை போகக் கூடாது, அவரை மேற்பார்வையாளராக்கி உரிய சம்பளமும் கையுறையும் கொடுங்கள் என்றும் சேர்த்தோம். பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். உண்மைதான், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் சுத்தம் செய்யும் காணொளியை இதே பெற்றோர் ஸ்டேட்டஸில் போடுவார்கள். இந்த ஊரில், இந்தக் கழிப்பறையில் என்றால் அது வேறு. இங்கே சுத்தம் செய்வதற்கு ஒரு சாதி இருக்கிறது. மதம் மாறிய வீட்டுக்கும் மாறாத வீட்டுக்கும் அந்த விஷயத்தில் வேறுபாடு இல்லை. எங்களுக்கும் ஓர் அச்சம் இருந்ததைச் சொல்ல வேண்டும். முறை வைத்தால் நடைமுறையில் துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகும்? அரசுப் பள்ளிகளில் காலனிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவவிட்ட செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். எனவேதான் முறைப் பட்டியல் எழுத்தில் வேண்டும், சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம்.

ஆற்றைப் பற்றியும் சண்டை வந்தது. பூமி இறைவனின் அமானிதம், மனிதன் அதன் பொறுப்பாளன் என்று நான்காம் வகுப்பில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. படங்கள்தான் வேடிக்கை. உருகும் பனிப்பாறையும் துருவக் கரடியும்! பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் பாலாறு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது வேலூர் மாவட்ட மக்கள் தொடுத்த வழக்கில்தான். சட்டக் கல்லூரியில் நாடு முழுக்கப் படிக்கிறார்கள், ஆற்றங்கரைப் பள்ளியில் படிக்கக் கூடாதா? அறங்காவலர்களில் எத்தனை பேருக்கு டேனரி இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. கரடி அப்படியே இருக்கிறது, பாலாறு 'செயல்பாடு' என்ற பெட்டிக்குள் இரண்டு வரியாக வந்திருக்கிறது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாக. அறங்காவலர்கள் வீட்டில் உருது, பள்ளியில் ஆங்கிலம், நவ்-முஸ்லிம் வீடுகளிலும் காலனியிலும் தமிழ். மார்க்கக் கதைகளுக்கு வெளிநாட்டில் அச்சான ஆங்கிலப் புத்தகங்களை வாங்க நினைத்திருந்தார்கள். அதில் பிள்ளைகள் பனியில் நடந்து பள்ளிவாசலுக்குப் போகிறார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் எழுதிய மொழியில் பிள்ளைகளுக்கு நபி கதை சொல்லப் புத்தகம் இல்லையா? இலங்கையில் அரசே இஸ்லாம் பாடத்தைத் தமிழில் புத்தகம் போட்டுக் கற்பிக்கிறது. அதை வரவழைத்துப் பாருங்கள் என்றோம். ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாகச் சேர்க்கை. கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சட்டம் கேட்காததை நீங்களாகச் செய்யுங்கள், ஸகாத் சட்டத்துக்குப் பயந்தா கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். இதைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டோம். மதம் மாற்றப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று இந்துத்துவ அமைப்புகள் கிளம்பும், போலீஸ் வரும் என்றார்கள். மீனாட்சிபுரத்துக்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் காலனிப் பிள்ளைகளின் பெற்றோரை முன்னே நிறுத்தி, ஆறாவது பாடவேளையைத் திறந்து வைத்து, என்ன கற்பிக்கிறோம் என்று ஊரறியச் செய்தால் அந்தக் குற்றச்சாட்டுக்கு வலு இருக்காது. அப்படி ஒரு நிலை வந்தால் பள்ளி வாசலில் நாங்களும் நிற்போம் என்று சொல்லியிருக்கிறோம். சொன்னதைச் செய்ய வேண்டியிருக்கும், இதைப் படிக்கும் தோழர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரைவு போன வாரம் மின்னஞ்சலில் வந்தது. விழுமியப் பாடவேளை எல்லாருக்கும் பொது என்று மாற்றிவிட்டார்கள். வராண்டா காலியாகும். செருப்புப் பாடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பிலால் கதைக்குக் கீழே, 'நம் ஊரில் யார் யார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை? ஏன்?' என்று ஆலிமா ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார். 25 விழுக்காடு பத்தாகக் குறைந்திருக்கிறது. கழிப்பறை முறைப் பட்டியல் இருந்த பக்கத்தைக் காணோம். பெருநாள் கழித்து அடுத்த கூட்டம். அந்த அம்மாவையும் அழைத்து வருகிறோம் என்று பதில் எழுதியிருக்கிறோம்.